மீசைகள் முருங்கை மரத்திலேயே இருக்கட்டும்

கேள்வி: அக்கா, திருநெல்வேலிப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். நாலு வருஷமாகக் கதை எழுதுகிறேன். என் கதைகளில் நடக்காததெல்லாம் நடக்கும். இத்துடன் அனுப்பியிருக்கும் கதையில், ஒரு ஆடி வெள்ளிக்கிழமை காலையில் ஊர் ஆம்பளைகள் அத்தனை பேர் மீசையும் காணாமல் போய்விடுகிறது. தேடினால், எல்லாம் ஆச்சி வீட்டு முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சியாக ஒட்டிக்கிடக்கிறது. ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். ‘குழந்தைத்தனமாக இருக்கிறது. பெண்ணெழுத்து என்றால் வலி இருக்க வேண்டும். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்’ என்று ஆசிரியர் பதில் போட்டார். வீட்டில் கொழுந்தனார் படித்துவிட்டு, ‘இது எங்க அண்ணனைத்தான சொல்லுதீங்க, மதினி?’ என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் அன்றிலிருந்து வீடு ஒரு மாதிரி இருக்கிறது. பேசாமல் ஆண் பெயரில் எழுதலாமா? இல்லை, இந்த மாதிரிக் கதைகளையே விட்டுவிடலாமா? ஓரத்தில் நான் வரைந்திருக்கிற படங்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

சிரித்துவிட்டேன். மற்ற மீசைகள் எல்லாம் அடிமரத்தை அப்பிக்கொண்டிருக்க, பஞ்சாயத்துத் தலைவரின் மீசை மட்டும் உச்சிக் கொப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிறதே, அந்தப் படத்துக்காக. அது கதையில் இல்லை, படத்தில் மட்டும் இருக்கிறது. ஏன் என்று பிறகு கேட்கிறேன்.

‘குழந்தைத்தனம்’ எனக்குப் பழைய சிநேகிதி. ரஷ்ய எழுத்தாளர் கோகோல் 1836-இல் ஓர் அதிகாரியின் மூக்கைக் கழற்றி, அதற்கு அவரைவிடப் பெரிய பதவியின் சீருடையை மாட்டி, பீட்டர்ஸ்பர்க் தெருவில் கோச்சு வண்டியில் அனுப்பினார். நம் புதுமைப்பித்தன் கடவுளைச் சென்னைப் பிராட்வேக்கு வரவழைத்து, காபி குடிக்க வைத்து, கந்தசாமிப் பிள்ளையை விட்டு அவரிடமே பத்திரிகைச் சந்தா கேட்க வைத்தார். இதையெல்லாம் யாரும் குழந்தைத்தனம் என்பதில்லை. மேதைமை என்றுதான் சொல்கிறோம், சரியாகத்தான் சொல்கிறோம். இரண்டு பேரிடமும் நானே நிறையத் திருடியிருக்கிறேன். மூக்கு போகலாம், கடவுள் வரலாம், ஆனால் திருநெல்வேலியில் ஒரு பெண் எழுதினால் மீசை போகக்கூடாது என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது, இல்லையா?

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு பத்திரிகைக்கு முழுப்பெயர் போட்டு அனுப்பிய கதை, ‘விளையாட்டுத்தனம் குறைந்தால் நல்லது’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்கு வேறொரு கதையை வெறும் இனிஷியலும் ஊர்ப்பெயரும் போட்டு அனுப்பினேன். ‘அன்புள்ள ஐயா, தங்கள் அங்கதம் கூர்மையாக உள்ளது’ என்று கார்டு வந்தது. அந்த இரண்டாவது கதை உண்மையிலேயே மேலாக இருந்திருக்கலாம், ஆகவே இதை வைத்து யார் மேலும் வழக்குப் போட முடியாது. கார்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வலி வேண்டும் என்கிறாரே உங்கள் ஆசிரியர், அதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 2002-இல் கவிஞர் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ கவிதைத் தொகுப்பு வந்தபோது தமிழ் இலக்கிய உலகில் எழுந்த கூச்சல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெண்கள் இதையெல்லாம் எழுதலாமா என்று மேடை போட்டுக் கேட்டார்கள். அந்த வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு எழுதியவர்கள்தான் உங்களுக்கும் எனக்கும் பாதை போட்டவர்கள். அதே எழுத்து இன்றைக்கு ஒரு வார்ப்பாகிவிட்டது. பெண் பெயரில் கதை வந்தால், எங்கே காயம், எடு பார்க்கலாம் என்கிறார்கள். காயத்தைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்களாம். உங்களுக்கு வலி இல்லை என்று அவருக்கு யார் சொன்னது? கொழுந்தனார் கேட்ட ஒரு கேள்வியில் வீடே ஒரு மாதிரி ஆகிவிடுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு மீசையை மரத்தில் ஏற்றியிருக்கிறீர்கள். ஆசிரியருக்கு அது கண்ணில் படவில்லை.

உங்களுக்குப் பொருத்தமான துணை ஒருத்தி இருக்கிறாள். ரொக்கேயா சகாவத் ஹுசைன். இன்றைய வங்கதேசத்து ரங்பூர் பக்கம் 1880-இல் பிறந்தவர், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய கடுமையான கோஷாவில் வளர்ந்தவர். வீட்டாருக்குத் தெரியாமல் அண்ணன் சொல்லிக்கொடுத்து ஆங்கிலம் படித்தவர். கணவர் அரசு அதிகாரி. அவர் சுற்றுப்பயணம் போயிருந்த நாட்களில், பொழுது போகாமல் ரொக்கேயா ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார், ‘சுல்தானாவின் கனவு’ என்று. 1905-இல் அது எங்கே அச்சானது தெரியுமா? நம் சென்னையில். கமலா சத்தியநாதன் 1901-இல் தொடங்கி நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற பத்திரிகையில். வங்காளத்து அந்தப்புரத்தில் எழுதிய கதை மதராஸில் ஒரு பெண் நடத்திய பத்திரிகைக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

கதை இதுதான். ஒருத்தி தன் அறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து இந்தியப் பெண்களின் நிலையைப் பற்றிச் சோம்பலாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணயர்ந்தாளோ என்னவோ. சாரா என்ற தோழி வந்து வெளியே கூட்டிப் போகிறாள். தெருவில் ஓர் ஆண்பிள்ளை இல்லை. போகிற வருகிற பெண்கள் இவளைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால், ‘பார்க்க ஆம்பளை மாதிரி இருக்கிறாய்’ என்கிறார்களாம். அதற்கு என்ன அர்த்தம் என்று இவள் விழிக்கிறாள். ஆண்களைப் போல வெட்கமும் பயமுமாக இருக்கிறாய் என்று அர்த்தம். அந்த ஊரில் ஆண்கள் எல்லோரும் வீட்டுக்குள் கோஷாவில் இருக்கிறார்கள்.

இந்த ஒரு வசனத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆணாதிக்கம் என்ற சொல் இல்லை, புலம்பல் இல்லை. ஒரு சொல்லின் பொருளைச் சட்டையைத் திருப்பிப் போடுகிற மாதிரி திருப்பிப் போட்டிருக்கிறார், உள்பக்கத்துத் தையல் முழுக்க வெளியே தெரிகிறது.

பிறகு சமையலறை வருகிறது. கரியும் இல்லை, புகையும் இல்லை, சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள். சாரா ஆய்வுக்கூட வேலையும் பார்க்கிறாள், தையலும் போடுகிறாள். இவ்வளவுக்கும் எப்படி நேரம் என்று கேட்டால் கணக்குச் சொல்கிறாள்: ஒரு சுருட்டு எரிந்து முடிய அரை மணி, ஓர் ஆண் நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டுப் பிடித்தால் ஆறு மணி நேரம் புகையாகப் போயிற்று! எங்களுக்கு இரண்டு மணி நேர வேலை போதும் என்கிறாள். வங்கியில் இருக்கிற உங்களுக்கு இந்தக் கணக்கைப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடைக்குப் போய் வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறீர்கள்.

அந்த நாட்டில் பெண்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று பலூனும் குழாயும் வைத்து மேகத்திலிருந்தே தண்ணீர் இறக்குகிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைக்கக் கருவி கண்டுபிடிக்கிறது. ஆண்கள் அப்போது ராணுவத்தைப் பெருக்குவதில் மும்முரமாக இருக்கிறார்கள். பெண்களின் ஆராய்ச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவர்கள் சொன்ன விமர்சனம், ‘உணர்ச்சிவசப்பட்ட வெறும் துர்க்கனவு’. உங்கள் ஆசிரியரின் கடிதத்தைப் படித்தபோது இந்த வரிதான் ஞாபகம் வந்தது. அப்புறம் போர் வருகிறது, ஆண்கள் தோற்கிறார்கள். கடைசியில் கல்லூரி முதல்வரம்மா இரண்டாயிரம் மாணவிகளோடு போய், சேர்த்து வைத்த வெயிலை எதிரி மேல் திருப்பிவிடுகிறார். போருக்குக் கிளம்புவதற்கு முன் வைத்த ஒரே நிபந்தனை, ஆண்கள் எல்லோரும் உள்ளே போய்விட வேண்டும். களைத்துப் போயிருந்தவர்கள் மறுபேச்சில்லாமல் போனார்கள். அதற்கப்புறம் யாரும் அவர்களை வெளியே விடவில்லை.

ஆண்களைப் பூட்டி வைப்பது எனக்குச் சம்மதமா என்றால், இல்லை. ரொக்கேயாவுக்கும் அது திட்டம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். பைத்தியம் தெருவில் திரிந்தால் புத்தி உள்ளவர்களைப் பிடித்து உள்ளே போடுவீர்களா என்று சாரா கேட்கிறாள். நூற்றாண்டுகளாக நடந்துகொண்டிருந்தது அதுதான். அதை நேராகச் சொன்னால் பிரசங்கம் என்று தள்ளிவிடலாம். பறக்கும் வண்டியில் ஏற்றிக் காட்டினால் சிரித்து முடித்த பிறகுதான் உறைக்கும். கதை எழுதி நாலு வருஷத்தில் கணவர் இறந்துபோனார். அதே வருஷம், 1909-இல், பாகல்பூரில் ஐந்து பிள்ளைகளோடு பெண்கள் பள்ளி ஒன்றை ரொக்கேயா தொடங்கினார். 1911-இல் அது கல்கத்தாவுக்கு மாறியது. வீடு வீடாகப் போய், பெண்ணைப் படிக்க அனுப்புங்கள் என்று கெஞ்சியவரும் அந்தக் கனவை எழுதியவரும் ஒரே ஆள்தான்.

படங்களுக்கு வருகிறேன். நூறு வருஷம் போலக் கழித்து இந்தக் கதையைச் சென்னைத் தாரா புக்ஸ் படங்களோடு புத்தகமாகப் போட்டது. வரைந்தவர் துர்கா பாய் வியாம், மத்தியப் பிரதேசத்துக் கோண்டுப் பழங்குடி ஓவியர். அங்கே வீட்டுப் பெண்கள் சுவரிலும் தரையிலும் ‘திக்னா’ என்று கோலம் போடுவார்கள். அதில்தான் அவர் கை பழகியது. 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தரையில் இருந்த வரைக்கும் வீட்டு வேலை, காகிதத்துக்கு வந்ததும் கலை. நம் வாசலிலும் இதுதானே நடக்கிறது! மார்கழியில் விடிவதற்கு முன் ஒருத்தி குனிந்து இருபத்தொரு புள்ளியை ஒரு இழைகூடப் பிசகாமல் சுற்றி முடிப்பாள், பால்காரர் சைக்கிளை அதன் மேலேயே நிறுத்துவார்.

ஆகவே ஓரத்துப் படங்களை ஓரத்தில் ஒளிக்காதீர்கள். வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் பெரிதாகப் போடுங்கள். செல்போனில் படம் பிடித்து அனுப்பினால் கோடு மங்கிவிடுகிறது, ஸ்கேன் செய்து அனுப்புங்கள். இப்போது அந்தக் கேள்வி. தலைவரின் மீசை உச்சிக் கொப்பில் இருக்கிறதை ஏன் கதையில் எழுதவில்லை? வரையும்போது உங்களை யாரும் பார்க்கவில்லை, எழுதும்போது யாரோ தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இனிமேல் கதையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசலாமா? இவ்வளவு நேரம் உங்கள் பக்கம் நின்று பேசியதால், கதை பிரமாதம் என்று நான் சொல்லிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

விந்தைக் கதைக்கு ஒரு பொய்தான் கணக்கு. மீசை மரத்தில் ஏறியது, சரி, நம்பிவிட்டேன். நாலாம் பக்கத்தில் ஆடு எதற்குப் பேசுகிறது? அதை வெட்டுங்கள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் மீதி அத்தனையும் அரிச்சந்திரன் வாக்காக இருக்க வேண்டும். கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் கூட்டமாகக் கிடக்கும், ராத்திரி மேலே ஏறி இலை தின்னும். இது உங்களுக்குத் தெரியாததா? அப்படியானால் ராத்திரி மீசைகள் என்ன செய்தன? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்கள் வங்கிக் கவுண்டரையும் காணோம். பாஸ்புக் படத்தில் மீசை இருக்கிறது, எதிரே நிற்கிற ஆளுக்கு இல்லை. கேஒய்சி ஒத்துவரவில்லை என்று நீங்கள் சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். நாற்பது வருஷமாக ‘என்னைத் தெரியாதா உனக்கு?’ என்று கேட்டே காரியம் முடித்தவர் அன்றைக்கு முதல்தடவையாக, ‘நான்தாம்மா, நல்லாப் பாரும்மா’ என்கிறார். இந்தக் காட்சியை எழுத உங்களைவிடத் தகுதியான ஆள் தமிழ்நாட்டில் கிடையாது. சலூன்காரரையும் கூப்பிடுங்கள். எது யாருடையது என்று அவருக்குத்தான் தெரியும்.

கதையின் உயிர் ஆச்சிதான். பூச்சி பிடித்த மரத்துக்கு எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்கிறாள், கம்பில் பழைய துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, பந்தம் கொளுத்தி எடுத்து வருகிறாள். ஊர் ஆம்பளைகள் மொத்தமும் மரத்தடியில் நின்று, ‘ஏ ஆச்சி, கொளுத்திராத ஆச்சி’ என்று கெஞ்சுகிறார்கள். இதை இரண்டே வரியில் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டீர்களே! எனக்கு அங்கே இரண்டு பக்கம் வேண்டும். பந்தத்திலிருந்து எண்ணெய் சொட்டட்டும். யார் முதலில் கெஞ்சினார், யார் வாய் திறக்கவில்லை, யார் தன் மீசைக்குப் பதில் பக்கத்துவீட்டுக்காரர் மீசையைக் காட்டிக்கொடுத்தார் என்று பாருங்கள்.

கடைசிப் பக்கத்தில் டீச்சர் வந்து, ஆணும் பெண்ணும் சமம் என்று பேசுகிறார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையை நினைத்துப் பாருங்கள், புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். அடடா, உன் ஆயுதங்கள் மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் எவ்வளவு அழகாக இருக்கின்றன, என் மன்னனுடையவை பகைவரைக் குத்திக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறைக் கொட்டிலில் அல்லவா கிடக்கின்றன என்கிறாள். நீ கோழை, போருக்கு வராதே என்று ஒரு சொல் இல்லை. பாராட்டிவிட்டு நின்றுகொள்கிறாள். சபையில் முகம் சிவந்தவன் யார் என்று பாட்டு சொல்வதில்லை.

‘திடுக்கிட்டு விழித்தேன், எல்லாம் கனவு’ என்ற முடிவும் வேண்டாம். ரொக்கேயாவும் கனவில்தானே முடித்தார் என்று கேட்பீர்கள். அங்கே பறக்கும் வண்டியிலிருந்து சறுக்கி விழுந்தவள் கண் திறந்தால் அதே அறை, அதே சாய்வு நாற்காலி. விழித்தது அவளுக்கு நஷ்டம். உங்கள் கதையில் விழிப்பு ஒரு மன்னிப்புக் கடிதம், ‘ஐயா, சும்மா சொன்னேன், மீசை அங்கேயேதான் இருக்கிறது’ என்று.

புனைபெயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழில் இது தலைகீழாக நடந்த கதை. ரங்கராஜன் என்ற பெயரில் ஏற்கெனவே ஒருவர் எழுதிக்கொண்டிருந்ததால் இன்னொரு ரங்கராஜன் மனைவி பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். பெண் பெயர் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அமெரிக்காவில் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண், ஜேம்ஸ் டிப்ட்ரி ஜூனியர் என்ற பெயரில் அறிவியல் புனைகதை எழுதினார். இந்த எழுத்தில் மறுக்கவே முடியாத ஓர் ஆண்தன்மை இருக்கிறது என்று ராபர்ட் சில்வர்பெர்க் என்ற எழுத்தாளர் 1970-களில் அச்சிலேயே எழுதினார். கொஞ்ச நாளில் உண்மை வெளிவந்தது. இதைச் சொல்லிச் சிரிக்கலாம்தான், ஆனால் ஆண் பெயரில் வாங்கிய பாராட்டு அந்தப் பெயருக்குத்தான் போய்ச் சேரும். உங்கள் முகத்தில் ஒட்டுமீசை வைத்துக்கொண்டு மீசைக்கதை எழுதப்போகிறீர்களா? வேலைக்கோ வீட்டுக்கோ ஆபத்து என்றால் மறைந்து எழுதுவதில் வெட்கமே இல்லை. கவிஞர் சல்மாவின் பெயரே புனைபெயர்தான். அப்படி வேண்டுமென்றால் இன்னொரு பெண் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆச்சி பெயர் என்ன?

வீட்டு விஷயத்தில் நான் தூரத்தில் இருக்கிற ஆள், அதிகம் சொல்ல மாட்டேன். கொழுந்தனார் கேட்டதைத் திருப்பிப் பாருங்கள். முப்பது மீசை இருக்கிற மரத்தில் அவர் தன் அண்ணன் மீசையைத்தான் அடையாளம் கண்டிருக்கிறார். நீங்கள் காட்டவில்லை. இதை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் கணவர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் எழுதவில்லை, கவனித்தேன். ரொக்கேயாவின் கணவர் ஊரிலிருந்து திரும்பி வந்து, அந்தக் கதையை நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டு, ‘பயங்கரமான பழிவாங்கல்’ என்றாராம். சொல்லிவிட்டுக் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் அப்படி ஆள் வாய்ப்பதில்லை. உங்கள் கதையை உங்கள் கணவர் இன்னும் படிக்கவில்லை என்றால், கொழுந்தனார் வாய்வழியாகப் போய்ச் சேர்வதற்கு முன் நீங்களே கையில் கொடுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்காதீர்கள், அடுப்பைப் பார்க்கப் போய்விடுங்கள்.

அந்தச் சிற்றிதழுக்கு மறுபடி அனுப்ப வேண்டாம். கோபித்துப் பதில் எழுதவும் வேண்டாம், அந்த நேரத்தில் இரண்டு பக்கம் எழுதிவிடலாம். ஆட்டையும் டீச்சரையும் எடுத்துவிட்டுத் திருத்தி அனுப்புங்கள், படிக்கிறேன். ஆச்சி கடைசியில் அந்தப் பந்தத்தை என்ன செய்தாள் என்று உங்கள் பிரதியில் இல்லை. மரத்துக்கு அருகே கொண்டுபோனவள், அப்படியே நிற்கிறாள். எண்ணெய் எவ்வளவு நேரம் தாங்கும்?

அன்புடன்,
உங்கள் அக்கா